பதிலில்லாத தண்ணீர்

செப்டம்பர் பாதி. கிழக்கிலிருந்து மெல்லிய காற்று.
வடகடலில் எரிவாயு மேடை,
என் முறை இரவு ஏழு முதல் காலை ஏழு.
ரேடியோ, ராடார், ஆறிப்போன காப்பி.

கிழக்குக் கைப்பிடியில் ஒரு பெட்டி.
அன்னமீக் போன மாதம் கட்டிவிட்டுப் போனது.
காதுக்கு எட்டாததைக் கீழே இறக்கித் தரும் என்றாள்.
மூன்று வாரமாகத் தந்தது மழையை,
கம்பியின் முனகலை,
சமையல்கார வீபெ சாவிக்கொத்தை ஆட்டினால்
அதையும்.

இன்று ஒன்று நாற்பதுக்கு
டிக். டிக். டிக்.
கடன்காரன் தட்டுவதுபோல் அல்ல.
இருட்டில் தன் வீட்டுக் கதவையே
ஒருவன் தடவித் தட்டிப் பார்ப்பதுபோல்.

அந்தக் குரல் எட்டுவது
எங்கள் கிரேனின் பாதிக் கை நீளம்.
கரையில் அது போதும்:
ஒரு மரவரிசை அடுத்ததிடம் ஒப்படைக்கும்,
வாய்க்கால் முடிந்தால் கொட்டகை,
கொட்டகை முடிந்தால் தேவாலயச் சுவர்.
தட்டித் தட்டியே
லாட்வியாவிலிருந்து வந்திருக்கும்.

இங்கே முன்னால் கேட்டால் முன்னால் யாருமில்லை.
கீழே தண்ணீர் மட்டும் சொல்கிறது
'இவ்வளவு உயரத்தில் இருக்கிறாய்.'
எங்கே என்று சொல்லாது.

அப்புறம் எதை வைத்துப் போகிறது?
அன்னமீக்கிடம் கேட்டிருக்கிறேன்.
சூரியன் விழுந்த பக்கம் நினைவிருக்கலாம் என்றாள்.
பிறகு, 'தெரியாது.'
அந்தத் 'தெரியாது' எனக்குப் பிடித்திருந்தது.

டிக்டிக்டிக்டிக்
எங்களைக் கண்டுவிட்டது.
இரும்புக்கால், குழாய், ஏணி,
யாரோ காயப்போட்ட கையுறை,
எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்ல,
இரவெல்லாம் ஊமையாயிருந்த உலகம்
அதன் மேல் கொட்டியது.

விடிந்ததும் தார்ப்பாய் மடிப்பில் வீபெ பார்த்தான்.
இரண்டு சர்க்கரைக் கட்டி எடை.
காதுகள் மட்டும் தூங்கவில்லை.
'தண்ணீர் வைக்கட்டுமா' என்று
பாட்டில் மூடியோடு
பகலெல்லாம் அதைச் சுற்றி வந்தான்,
எங்களை முட்டையில்லாமல் சாப்பிடவைத்து.

மாலை ஏழு ஐம்பத்திரண்டு.
டிக். டிக்.
மேற்கே.
பிறகு பெட்டி அடங்கியது.
அது கூப்பிடுவதை நிறுத்தியிருக்காது,
என் பெட்டியின் எல்லை அவ்வளவுதான்.

பதிவேட்டில் எழுதினேன்:
புறப்பாடு ஒன்று. எட்டு கிராம். சரக்கு இல்லை.
கப்பலின் பெயர் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
'போய்ச் சேர்ந்திருக்குமா?' என்றான் வீபெ,
அரைமணி கூட ஆகவில்லை,
சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு
கிழக்குக் கைப்பிடிப் பக்கம் நடந்தபடி.