சொல்லாமல் விட்ட வாடை

தடாவில் ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி வெயில்.
மொரிதா சான் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த
நீலப் புட்டியில் ஒரு பழம் வரைந்திருந்தது.
அம்மை வடு விழுந்த எலுமிச்சை என்றுதான் நினைத்தேன்.
'யுசு' என்றார்.
வாரத்தில் ஆறு நாள், அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் பிசிறைப் பற்றி
அவர் சொல்வதையெல்லாம்
தெலுங்கிலும் தமிழிலும் சொல்கிறவள் நான்.
இன்று சம்பளம் இல்லை. ஜின் உண்டு.

ஐஸ் போடாமல் ஒரு மூடி அளவு, முதலில்.
பென்சில் சீவிய வாசம்.
பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸுக்குள்
யாரோ சாராயம் ஊற்றிவிட்டார்கள்.
அதற்குப் பின்னால், வழி கேட்டுக் கேட்டு
தாமதமாகப் பழம் வந்தது.

எலுமிச்சை இல்லை.
எலுமிச்சை கதவைத் தட்டாமல் நுழையும்.
நாரத்தையும் இல்லை. நாரத்தையின் கசப்பு
அடிநாக்கில் பாய் விரித்துப் படுத்துவிடும்,
இது நின்றபடியே விடைபெறுகிறது.
கமலா ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திச் சுடரில் பிழிந்தால்
பொறி பறக்குமே,
அந்தப் பொறிக்கு ருசி இருந்தால் அதில் பாதி.
மீதிப் பாதிக்கு என்னிடம் பெயரில்லை.

'எப்படி?'
புளிப்புக்கு அவர்கள் சுப்பை என்பார்கள்.
தெலுங்கில் புலுப்பு.
புளிப்பு, புலுப்பு, சுப்பை என்று
அடுத்தடுத்துச் சொன்னால்
நாவல் கொட்டையைத் துப்புவதுபோல் உதடு குவியும்.
சொல்லிக் காட்டினேன். சிரித்தார்.
ஆனால் இது புளிக்கவேயில்லை.
புளிப்பை எந்த ஊரிலோ இறக்கிவிட்டு
அதன் வாசம் மட்டும் வண்டியேறி வந்திருக்கிறது.

டானிக் சேர்த்ததும் மலேரியா மாத்திரையை நக்கிய கசப்பு,
கூடவே வறுத்த முந்திரி.
இரண்டாவது கிளாஸ் முதல் கிளாஸைவிட நன்றாக இருந்தது.
மூன்றாவதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

டிரைவர் ஓபுலேசு குடிக்கமாட்டார்.
சோதனைச்சாவடியில் ஊதச் சொல்வார்கள்.
ஒரே ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத்
தேய்த்து மோந்தார்.
கூடூர்க்காரர். இரண்டு ஏக்கர் நிம்மத் தோட்டம்.
'மொதட்ல வாசன' என்றார்.
'தர்வாத்த கம்பு.'

கம்பு என்றால் தெலுங்கில் தானியமும் இல்லை, தடியும் இல்லை.
நாற்றம்.
கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிய வருஷம்
லாரி லாரியாகக் கொண்டுபோய் ரோட்டோரம் கொட்டினார்களாம்.
மொத நாள் ஊரே கமகமத்ததாம்.
நாலாம் நாள், ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு
பஸ் போனதாம்.
புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'இதி மொத நாளம்மா' என்றார்.
'மொத நாள மட்டும் பிடிச்சு அடைச்சிருக்காங்க.'

மொரிதா என்னைப் பார்த்தார்.
'என்ன சொல்கிறார்?'

'நல்ல மணம் என்கிறார்' என்றேன்.

அவர் எழுந்து ஓபுலேசுவை நோக்கித் தலை வணங்கினார்.
ஓபுலேசுவும் எதற்கென்று தெரியாமல் வணங்கினார்.
குனிந்த இரண்டு தலைகளுக்கு நடுவே
முந்திரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மாதக்கணக்கில் பிசிறு, பிசிறு என்று
ஒரு மில்லிமீட்டர் பிழைக்காகச் சண்டை போடுகிற வாய்
இது.

ஆரம்பாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள்.
ஓபுலேசு ஊதினார். கருவியில் சுத்தமான பூஜ்யம்.
பின் சீட்டில் இருப்பவளை யாரும் ஊதச் சொல்லவில்லை.

தமிழ்நாடு வரவேற்கிற பலகையைத் தாண்டியதும்
வந்தது ஓர் ஏப்பம்.
பென்சில் போயிருந்தது, மாத்திரையும் போயிருந்தது,
யுசு மட்டும், வெந்துபோய், முந்திரியோடு.
'எத்தனை லாரி?' என்று கேட்டேன்.
'மாது நாலு' என்றார். 'மிச்சவங்களுது எண்ணல.'

கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார்.
பிறகு, ஏசியை அணைத்துவிட்டு,
என் பக்கத்துக் கண்ணாடியை
இறக்கிவிட்டார்.