இடது பக்கம் மட்டும்

இடது பக்கம் ஒடித்தால் மட்டும் கல் என்றார்.
வலது பக்கம் வெண்ணெயாம்.
பாதி வண்டி பட்டறைக்குள், பாதி ரோட்டில்.
பின்னால் ஹாரன் அடித்த மினி பஸ்ஸைத்
திரும்பியும் பார்க்காமல் சொன்னார் வெள்ளைக்கண்ணு.

தொண்ணூற்றேழாம் வருஷத்து லேலண்ட்.
புதுவயலில் மூன்று அரிசி ஆலைக்கு
மாறி மாறி வாழ்க்கைப்பட்டது.
டேஷ்போர்டில் உமி, சீட்டுக்கடியில் உமி,
ஏர் ஃபில்டரைத் தட்டினால்
ஒரு மாட்டுக்கு ஒரு வேளைத் தவிடு.
பவர் ஸ்டீரிங் கூடப் பிறந்ததில்லை,
நாமக்கல்லில் யாரோ பிற்பாடு மாட்டிவிட்டது.
வீட்டில் எது காணாமல் போனாலும்
புது மருமகளைப் பார்க்கிற மாதிரி
நானும் முதலில் அதைத்தான் பார்த்தேன்.

ராத்திரி ஆறவிட்டுக் காலையில் கிளப்பினேன்.
பம்ப் அழுதது.
பசி அழுகை இல்லை,
பாலோடு காற்றைக் குடித்த பிள்ளையின் அழுகை.
டப்பா மூடியைத் திருகினால்
எண்ணெயில் கள்ளுக் கலயம் போல நுரை.
உறிஞ்சும் ஹோஸில் கிளிப் தளர்வு.
பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினேன்:
அரை அங்குலம் போகலாம்,
ஒன்றரை போனது.

புது பெல்ட், புது கிளிப், புது எண்ணெய்.
முன் அச்சை ஜாக்கியில் தூக்கி
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக
இருபது தடவை ஒடித்துக் காற்றை இறக்கினேன்.
நுரை அடங்கிற்று. அழுகை நின்றது.

"இப்பப் பாருங்க."
ஏறினார். ஒடித்தார்.
"அப்படியேதான் இருக்கு சவேரி."

பம்ப் கெட்டால் இரண்டு பக்கமும் கனக்கும்.
ஒரு பக்கம் மட்டும் என்றால்
கியர்பாக்ஸுக்குள் வால்வு, இல்லை சீல்.
மதுரைக்குச் சொல்லி அனுப்பவேண்டும்,
முதலாளி முகம் கோணும்.
எதற்கும் டிராக் லிங்கைக் கழற்றிக்
கிங் பின்னை ஆட்டிப் பார்த்தேன்.
கிரீஸ் போன மாசம்தான் அடித்திருக்கிறார்,
சுத்தமான மனுஷன்.
மாட்டிக்கொண்டு ட்ரையல் போனோம்.

கண்டனூர்த் தெருக்கள் நூல் பிடித்துப் போட்டவை.
வளைவே கிடையாது, மூலைதான்.
இந்தத் தெருவில் முன்வாசல் வைத்த வீடு
அடுத்த தெருவில்தான் முடியும்;
அதுவரை நேராகப் போய்
மூலையில் மொத்தமாக ஒடிக்கவேண்டும்.
முதல் இடது மூலை:
இடது கை மட்டும் சக்கரத்தை இழுக்கிறது,
உடம்பு முழுக்க அதன் பின்னால் சாய்கிறது.
இரண்டாவது மூலை: அதேதான்.
வலது கை
சக்கரத்தின் அடிவாரத்திலேயே
குடியிருந்தது.

"இறங்குங்க, நான் ஓட்டுறேன்."

ஊருணிக்கரையில் சீட்டு மாறிக்கொண்டோம்.
சுட்டுவிரலை வைத்து இடது பக்கம் ஒடித்தேன்.
வெண்ணெய்.
மறுபடி ஒடித்தேன்.
அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கையத் தூக்குங்க."
"எதுக்கு?"
"தூக்குங்க."
நெஞ்சு உயரம் வந்தது.
அதற்கு மேல்
ஸ்டாப்பரில் முட்டிய மாதிரி நின்றது.
பற்களை இறுக்கிக்கொண்டு
இன்னும் ஒரு சாண் முயன்றார்.
நான்தான் போதும் என்றேன்.

"சர்க்கரை இருக்குல்ல. ஆறு மாசமா இப்படி.
சட்ட மாட்டிவிடுறதுகூட அவதான்."
அப்புறம் கொஞ்சம் கழித்து:
"வண்டியும் கொஞ்சம் சத்தம் போட்டுச்சா...
அதுதான்னு நெனச்சேன்."
நினைத்தாரா,
நினைத்துக்கொண்டாரா,
நான் கேட்கவில்லை.

பட்டறைக்கு வந்து பில் எழுதினேன்.
கிளிப் இரண்டு. பெல்ட் ஒன்று.
எண்ணெய் மூன்று லிட்டர். கூலி.
சாவி என் பாக்கெட்டில் இருந்தது.
அவர் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.
பத்து டன் அரிசிக்கு ஒரு கை போதாது
என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.
காரைக்குடிக்கு எலும்பு டாக்டர் வியாழன் வருவார்.
இன்றைக்குத் திங்கள்.

முதலாளி போன் செய்தார்.
"என்னப்பா கோளாறு?"
"காத்துப் புடிச்சிருக்கு மொதலாளி.
வியாழன் வரைக்கும் விட்டுவைங்க."

எங்கே என்று அவர் கேட்கவில்லை.
டீக்கடைப் பையன் நீட்டிய கிளாஸை
வெள்ளைக்கண்ணு
இடது கையால் வாங்கினார்.