கேள்வி எண் பதினான்கு

சிலோயே தீவில் ஜூலை என்றால் குளிர்.
கணப்பில் ஈர விறகு புகைய,
படகு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து
பயணிகளிடம் கேட்க வேண்டியதை எழுதினேன்.
அலைபேசியில் நிரப்பும் படிவம்.
மேலாளர் கார்காமோ கொடுத்த பட்டியலில்
நாற்பத்தொரு கேள்வி.
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு
அரை மணி நேரம்தான்.
படகு கரை தட்டிய பிறகும்
கேள்வி நடுக்கடலில் நிற்கும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

முதலில் வெட்டியது இதை:
எங்கள் சிறப்பான சேவையை எவ்வளவு ரசித்தீர்கள்?
பதிலை நாமே மென்று ஊட்டிவிட்டு
ருசி எப்படி என்று கேட்பானேன்.

அப்புறம் இது:
ஊழியர்கள் கனிவாகவும் விரைவாகவும் நடந்துகொண்டார்களா?
வடம் வீசும் அபெலார்தோ
கனிவென்றால் அப்படியொரு கனிவு.
ஒரு முடிச்சுப் போட ஒரு யுகம்.
அவனுக்கு ஆம் என்பதா, இல்லை என்பதா?
கேள்வியை இரண்டாகப் பிளந்தேன்.
பிறகு இரண்டாவது துண்டை மட்டும்
சத்தமில்லாமல் கடலில் போட்டேன்.

சிப்பித் தொழிற்சாலைக்குப் போகும் பெர்னார்தாவிடம்
வெள்ளோட்டம் பார்த்தேன்.
அழுமுகம் தொடங்கிச் சிரித்த முகம் வரை
வரிசையாய் ஐந்து வட்டம்.
எல்லாவற்றுக்கும் நடுமுகத்தையே அழுத்தினாள்.
ஏன் என்றேன்.
கட்டைவிரல் அங்கேதான் எட்டுகிறது என்றாள்.
ஒரு கையில் மீன்கூடை, மறு கையில் அலைபேசி.
முகங்களை நிற்க வைத்தேன்,
ஒன்றன் கீழ் ஒன்றாக.

படிவத்தின் தலையில் எழுதினேன்:
உங்கள் பெயரைக் கேட்க மாட்டோம்.
நீங்கள் யாரென்று தேடவும் மாட்டோம்.
பதின்மூன்றோடு நிறுத்திவிட்டுப்
பதினான்காவதாக ஒரு காலிக் கட்டம்.
வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா?
இருநூறு எழுத்துக்குள்.
அந்த இருநூறு என் யோசனை.
ஒப்பாரியை யார் உட்கார்ந்து படிப்பது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள்.
கழிப்பறைத் தாழ்ப்பாள் விழவில்லை.
காப்பி என்று நீங்கள் விற்பது என்ன?
ஆறு பத்துப் படகு
ஒரு நாளும் ஆறு பத்துக்குக் கிளம்பியதில்லை.
ஆட்டுக்கு வரிசையில் முன்னுரிமை உண்டா?
ஒருவர் வெறும் புள்ளி வைத்திருந்தார்.

நானூற்றுச் சொச்சத்தில் ஒன்று.
மேலே எல்லாம் மூன்று, மூன்று, மூன்று.
கழிப்பறைக்கு மட்டும் ஐந்து.
கீழே கட்டத்தில்:

"ஆறு பத்துப் படகு. என் கணவரை அடக்கம் செய்ய
ஆச்சாவோவுக்குக் கொண்டுபோனோம்.
அவருக்குச் சரக்குக் கட்டணம் போட்டீர்கள்.
எனக்குப் பயணிக் கட்டணம்.
அவர் எப்போதும் வலப்பக்கம்தான், ஜன்னல் ஓரம் உட்கா"

அவ்வளவுதான்.
இருநூறு தீர்ந்துவிட்டது.

அந்தப் பதிலால் சராசரி அசையவில்லை.
மூன்று புள்ளி எட்டு,
நேற்றும் இன்றும்.

கார்காமோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னொரு முறை படித்தார்.
யாரென்று பார், பணத்தைத் திருப்பிவிடலாம்.
பயணச்சீட்டுப் பதிவேடு பக்கத்துக் கோப்பில்தான்.
சவப்பெட்டி ஏற்றிய வண்டி
அந்த மாதம் எத்தனை போயிருக்கும்?
ஐந்து நிமிட வேலை.
தேட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறோம் என்றேன்.
நல்லதுக்குத்தானே என்றார்.
நான் பதில் சொல்லவில்லை.
அவரும் எழுந்து கோப்பைத் திறக்கவில்லை.

மறுநாள் கட்டணப் பட்டியலில்
சவப்பெட்டி, சரக்கு, மூன்றாம் வகை
என்ற வரியின் மேல் பென்சில் கோடு.
புவெர்த்தோ மோன்ட் தலைமையகத்துக்கு அனுப்பினோம்.
இன்னும் பதில் இல்லை.

என் கைக்கு எட்டியது ஒரே ஒரு எண்.
இருநூறை அழித்தேன்.
கட்டம் இப்போது
எழுத எழுத நீளும்.

உட்கா என்பதன் மிச்சம்
மழைக்குள் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறது.
அதன் பின்னால் இன்னும் எத்தனை வாக்கியமோ.
கேட்டு வாங்க வழியில்லை.

சில நாள் ஆறு பத்துப் படகில் நானும் போகிறேன்.
ஆறு இருபத்தைந்துக்குக் கிளம்புகிறது.
வலப்பக்க ஜன்னலோரம் யாராவது இருந்தால்
முகத்தைப் பார்ப்பதில்லை.