பச்சை அடிக்குது

மங்கலம் ரோட்டுக் கம்பெனியில்
ஷேடு பார்ப்பது என் வேலை.
பத்தொன்பது வருசம்.
வெள்ளை என்று நீங்கள் சொல்வதை
நான் ஏழாகப் பிரிப்பேன்:
பால், மோர், சுண்ணாம்பு, நீலம் போட்ட வேட்டி.
மற்ற மூன்றுக்கும் பேர் கிடையாது,
தொட்டுக் காட்டத்தான் தெரியும்.

அந்த ஆவணியில் கோடு போட்ட பனியன் துணி வந்தது.
சிவப்பு, சாம்பல், சிவப்பு, சாம்பல்.
நாலாயிரம் பீஸ்.
பார்ட்டி அனுப்பிய மாதிரி
வெள்ளை அட்டையில் ஒட்டிய ஒரு சாம்பல் சதுரம்.
விளக்குப் பெட்டிக்குள் துணியை விரித்ததுமே சொன்னேன்:
"சாம்பல் சரியில்லீங். பச்சை அடிக்குது."

சாம்பல் நூலுக்குச் சாயம் போட்டது அர்த்தநாரி.
எடப்பாடிப் பக்கத்து ஆள்.
அன்றைக்கு எந்த லாட் ஓடுகிறது என்பது
அவன் முழங்கையைப் பார்த்தாலே போதும்.
சீட்டில் ஒரு வரி எழுதினேன்:
ஷேடு மாற்றம், சாயத்தில் தப்பு.
அந்த ஒரு வரிக்கு
அவன் சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு.

சண்டைக்கு வரவில்லை.
ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து
என் மேஜையில், பில் புக்கின் வெள்ளைத் தாள்மேல் வைத்தான்.
"இதேதானுங்க்கா அந்த நூலு."
சாம்பல்.
அடுப்பில் அள்ளிய சாம்பல்.
பொட்டுப் பச்சை இல்லை.

கத்தரியை எடுத்தேன்.
துணியில் ஒரு சாம்பல் கோட்டை மட்டும் நறுக்கி
சிவப்பை விட்டுத் தள்ளி வைத்தேன்.
பச்சையைக் காணோம்.
திரும்பச் சிவப்பின் நடுவில் வைத்தேன்.
பால் ஊற்றும் வீட்டுக்கு வரும் பூனை மாதிரி
வந்து உட்கார்ந்தது.
எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன்.
டீ ஆறி ஏடு கட்டியது.

டீ கொண்டுவந்த பையன் பன்னிரண்டாவதில் சயின்ஸ் குரூப்.
"கண்ணு பாக்கறதில்லீங்க்கா, மண்டைதான் பாக்குது.
பக்கத்துல இருக்கறதக் கழிச்சுட்டு
மிச்சத்தக் காட்டும்" என்றான்.
பத்தொன்பது வருசமாக
என் மண்டைக்குள் யாரோ கழித்தல் கணக்குப் போட்டு
விடையை மட்டும் வெளியே நீட்ட,
நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி, தெரிந்துவிட்டதல்லவா,
இனிமேல் சாம்பலாகத் தெரியும் என்று பார்த்தால்
இல்லை.
நூல் சாம்பல் என்று தெரியும்.
துணியில் பச்சைதான் தெரியும்.
ஒரே வார்த்தைதான் இரண்டுக்கும்.
ஆனால் ஒரே தெருவில் இருந்துகொண்டு
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்.

ஆபீசில் நின்று சீட்டைக் கிழிக்கச் சொன்னேன்.
கணக்கு முடிந்தது என்றார்கள்.
இரண்டு நாள் நின்றதில்
எண்ணூறு திரும்பி வந்தது.
கொண்டுபோய்க் கொடுத்தபோது அர்த்தநாரி
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"துணியில எனக்குமே பச்சையாத்தானுங் தெரிஞ்சுது.
அதனாலதான் நூலைத் தூக்கிட்டு வந்தேன்."

அதற்கப்புறம் தூக்கம் சரியில்லை.
தங்கச்சியைப் பெண் பார்க்க வந்த காங்கயத்துக்காரனை
வாயாடி அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு,
ஊமைக்கோட்டான் என்று தட்டிக் கழித்தோமே,
அவனைத் தனியாக ஒருநாள் பார்த்திருக்கலாமோ?
ராத்திரி ரெண்டு மணிக்கு
இப்படியெல்லாம் வருகிறது.

இப்போது கைப்பையில் ஒரு வெள்ளை அட்டை உண்டு.
நடுவில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை.
துணிமேல் வைத்து
ஓட்டை வழியாகத்தான் ஷேடு பார்க்கிறேன்.
மொதலாளி சிரிக்கிறார்.

நேற்றுப் பொழுதோட
நொய்யல் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
கரையில் சீமைக்கருவேலம், மேலே கருக்கல் வானம்,
ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடம் மிதந்து போனது.
அட்டையை எடுத்து ஒற்றைக் கண்ணை மூடி
ஓட்டைக்குள் தண்ணீரை மட்டும் பார்த்தேன்.
சாம்பலா,
இல்லை பச்சை அடிக்கிறதா,
முடிவு பண்ணுவதற்குள்
பின்னால் மினி பஸ்காரன் ஹாரன் அடித்தான்.