கதவை எரித்த படகு

அரிசி மணியில் பாதி இருக்கும்.
மூளைக்குள் ஊசி விட்டு எடுத்த துணுக்கு
மெழுகில் உறைந்து என் மேசைக்கு வந்தபோது
ஒவுலுவில் காலை ஒன்பது மணி, விடியவில்லை.
படிவத்தின் ஓரத்தில் டாக்டர் சிர்க்காவின் கிறுக்கல்:
ஸ்டீராய்டு இன்னும் கொடுக்கவில்லை.
கொடுத்தால் கட்டி கரைந்ததுபோல் ஒளிந்துகொள்ளும்,
ஆறு மாதம் கழித்து வந்து சிரிக்கும்.
தொழில் என்ற கட்டத்தில்
பனியுடைக்கும் கப்பல், எந்திர அறை, ஓய்வு.

நான் சீவுகிறவள். மூன்று மைக்ரான்.
சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி
சாயம் ஏற்றுகிறவள்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நோயாளியின் முகமும்
எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நுண்ணோக்கியில் நீல வட்டங்கள்.
காவலுக்கென்று பிறந்த செல்கள்
மூளையின் இரத்தக் குழாயைச் சுற்றி
வளையம் வளையமாக நெருக்கியடித்து நின்றன.
அவற்றின் வயிற்றில் பழுப்புப் புள்ளிகள்,
மிளகுத்தூள் சிந்தியதுபோல்.

தன்னுண்ணல் என்கிறது பாடநூல்.
எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை, சாபம்போல் ஒலிக்கிறது.
நடப்பது சிக்கனம்.
உடைந்த புரதம், ஓய்ந்துபோன மைட்டோகாண்ட்ரியா,
எல்லாவற்றையும் சவ்வில் பொட்டலம் கட்டி
அமிலப் பைக்குள் தள்ளுவது,
கரைந்து வருவதைக் கொண்டு மறுபடி கட்டுவது.
இந்த வரியை வாசிக்கும் உங்களுக்குள்ளும் நடக்கிறது.
எண்பது வருடம் ஒரே சட்டையோடு வாழும்
நரம்புச் செல்லுக்கு இந்தத் துடைப்பம்தான் கதி.
குப்பை தேங்கிய இடத்தில் புற்று முளைக்கலாம் என்கிறார்கள்.
முளைத்த பிறகோ
துடைப்பம் கை மாறிவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
அவர் கையில் மஞ்சள் திரவம் ஏற்றினார்கள்.
செல்கள் பட்டினி கிடந்தன.
பட்டினியில் சில செத்தன.
சில தம்மையே தின்று காத்திருந்தன.

மூன்றாம் சுற்று முடிந்து
தைஸ்தோ ரவுத்தியோலா நேரில் வந்தார்.
தன் துண்டைத் தானே பார்க்க வேண்டுமாம்.
மனைவி ஹெல்கா இரண்டு மேல்கோட்டுகளையும் சுமந்து
வாசலிலேயே நின்றுவிட்டாள்.
நான் புள்ளிகளைக் காட்டினேன்,
எரிபொருள் தீர்ந்தால் உள்ளே இருப்பதை எரிக்கும் என்றேன்.

நெடுநேரம் குனிந்திருந்தார்.
பிறகு, சொற்களைத் தடவித் தடவி:
"பதினேழு வயசு எனக்கு. நீராவி இழுவைப்படகு.
ஹைலுவோத்தோ தீவுக்கு வெளியே பனி பிடித்துக்கொண்டது.
கரி தீர்ந்தது.
படுக்கைப் பலகையை உலையில் போட்டோம்.
கேப்டன் மேசையை. அப்புறம்... அது.
திறக்குமே. மூடுமே. அது."
கையால் காற்றைத் தள்ளிக் காட்டினார்.
ஹெல்கா சொல்ல வாயெடுத்தாள்,
அவர் தலையசைத்துத் தடுத்தார்.
"அதையும் எரித்தோம். உள்ளே பனிக்காற்று.
ஆனால் கெமி துறைமுகம் போய்ச் சேர்ந்தோம்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
"அப்போ இதுவும் போய்ச் சேர்ந்துவிடும், இல்லையா?"

அவர் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.
புள்ளிகளைப் பற்றி.
அந்த உலைக்கே உலை வைக்கும் மருந்துகளைச்
சோதிக்கிறார்கள் என்றேன். கூட்டிச் சொல்லவில்லை.
பக்கத்து நரம்புச் செல்லிலும் அதே உலை,
யாருடையது என்று மருந்துக்கு எப்படித் தெரியும்
என்பதைச் சொல்லவே இல்லை.
அவர் எந்திர அறைக்காரர். தெரிந்திருக்கும்.
"கொதிகலனை அணைத்தால்
கப்பல் முழுக்கக் குளிரும்," என்றார்,
கோட்டுக்குள் கையை நுழைக்க
இரண்டு முறை தவறியபடி.

பிப்ரவரியில் ஆய்வகத் தொலைபேசியில்
ஒரு பதிவு கிடந்தது.
மூச்சு, பின்னால் தட்டு கழுவும் சத்தம்,
பிறகு அவர் குரல்:
"கதவு."
அவ்வளவுதான்.

அதை நான் அழிக்கவில்லை.
அன்று மேசையில் இன்னும் பதினொரு மெழுகுக் கட்டிகள்.
கத்தியை மாற்றிவிட்டு
முதலாவதைப் பனிக்கட்டிமேல் வைத்தேன்.