இனம் என்ற கட்டம்

டொலிடோவில் பிப்ரவரி.
ஏரிக்காற்று கதவிடுக்கில் நுழைந்து
ஐம்பத்தெட்டு நாய்களையும் ஒரே நேரத்தில் எழுப்புகிறது.
கூண்டுகளில் மாட்டும் அட்டைகளை எழுதுபவள் நான்.
பெயர், வயது, எடை, வந்த நாள்.
அப்புறம் இனம்.

யாருக்குத் தெரியும்?
ரயில் பாலத்தடியில் பிடித்த நாயிடம்
குலம் கோத்திரமா கேட்பது?
தலை அகலம், தாடை கனம் என்றால்
பிட்புல் கலப்பு என்று எழுது என்கிறது விதிமுறை.
தலையைப் பார்த்து எழுதுகிறேன்.
அதுவே தலையெழுத்தாகிவிடுகிறது.

பதினான்காம் கூண்டில் பியரோகி.
வெந்த மாவின் நிறம்;
கூண்டு கழுவும் ஸ்டாஷ்
தன் அம்மா வீட்டுப் பலகாரத்தின் பெயரை வைத்தான்.
இடது காது பாதிதான் இருக்கிறது.
தண்ணீர்க் கிண்ணம் உருண்டால் நடுங்குவாள்.
பூனை அறை வழியாகக் கூட்டிப்போக முடியாது,
பயம், பூனைக்கு அல்ல.
வந்து இருநூற்றுப் பதினொரு நாள்.

சனிக்கிழமைக் கூட்டம்
பதின்மூன்றில் குனியும், பதினைந்தில் குனியும்,
நடுவில் மட்டும்
குழந்தையின் கையை அம்மாவின் கை இறுக்கும்.
ஒரு கல்லூரி ஜோடி மூன்று வாரம் வந்து
அவளை ஆற்றங்கரைக்கு நடத்திப்போனது.
நாலாம் வாரம் வந்தது
வீட்டு உரிமையாளரின் காகிதம்.
தடைசெய்த இனங்கள் பத்து.
முதலாவது, என் கையெழுத்தில்
அட்டையில் இருக்கும் அதே சொல்.

சங்கிலியைக் கையோடு கொண்டுவந்தான் இன்னொருவன்.
"இதைப் பார்த்தால் எவனும் என் கேட்டைத் தொடமாட்டான்."
விண்ணப்பத்தை வாங்கிவைத்தேன்.
இன்றுவரை கூப்பிடவில்லை.

பயந்து விலகுகிறவர்களும்
பயமுறுத்தக் கேட்கிறவனும்
படிப்பது ஒரே அட்டையை.
நாய் அட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

பெரிய நியாயவாதி இல்லை நான்.
முதல் மாதம் முழுக்க அவள் தட்டை
துடைப்பக் கட்டையால்தான் உள்ளே தள்ளினேன்.

ஒரு செவ்வாய், மூடப்போகும் நேரம்,
வாண்டா ஹ்ருஸ்கா வந்தாள்.
முப்பது வருடம் கண்ணாடித் தொழிற்சாலை;
உலைகளின் இரைச்சல் காதுகளைத் தின்றுவிட்டது.
வாசலிலேயே இரண்டு கருவிகளையும் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
எங்கள் எல்லோரையும் செவிடாக்கும் அந்த நடையில்
வாய்கள் திறந்து மூடுவதை
மீன்தொட்டி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனாள்.
பதினான்கில் மட்டும் வாய் மூடியிருந்தது.
நின்றாள்.

அட்டையைப் படிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டாளாம்.
சிமெண்ட் தரையில் மெல்ல இறங்கி
நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.
யாரும் அப்படிச் செய்ததில்லை.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம்
இன்னொரு முதுகு வந்து சாய்ந்தது.
விளக்கணைக்க வந்த ஸ்டாஷ்
அணைக்காமல் திரும்பிப் போனான்.

சொந்த வீடு, சின்னது.
காப்பீட்டுக்காரர்கள் மூன்று பேர் மறுத்தார்கள்.
நாலாமவர் இனம் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
இந்த நாய் ஏன் என்ற கேள்விக்கு எழுதினாள்:
எனக்கு முதுகுவலி. அவளுக்கு முதுகு சூடு.

மறுநாளே பதினான்கு நிரம்பிவிட்டது.
வரிக்கோடுகள், குட்டி வால்,
அகலத் தலை.
இனம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.
மேலாளர் அடித்துத் திருத்தினார்.
புது அட்டை எடுத்து மறுபடி எழுதினேன்.
இப்போது ஏழாவது அட்டை.

வாண்டாவிடமிருந்து நேற்று ஒரு செய்தி:
பியரோகி குறட்டை விடுகிறாளாம்.
காதில் விழவில்லை,
மெத்தை வழியாகத் தெரிகிறது என்கிறாள்.