நூற்றிருபது மணித்தியாலம்

கொட்டாஞ்சேனையில் பார்மசிக்கு மேல்மாடி.
ஒரு மின்விசிறி, பதினாறு பிளாஸ்டிக் கதிரை.
ஒன்பது வருடமாய் மாலை ஆறரைக்கு
இங்கே நான் ஆங்கிலம் விற்கிறேன்.
துறைமுகத்து எண்ணெய்க் கையோடு வருவார்கள்,
ஹோட்டல் சீருடை மாற்றாமலே வருவார்கள்.
‘எ’ எங்கே வரும், ‘த’ எங்கே வரும் என்று
பலகை தேயச் சொல்வேன்.
தமிழில் இல்லாத இரண்டு பொடிச் சொல்;
விழுங்கத்தான் நாக்குக்குப் பிரியம்.

படித்துப் போனவர்கள் இப்போது பதினொரு நாட்டில்.
நான் 155இல் ஏறி வீட்டுக்கு.

உயர்தரம் பாஸ், இரண்டு சி ஒரு எஸ்.
கப்பல் கம்பனியில் கடிதம் எழுதிய ஆறு வருடம்.
பிறகு இணையத்தில் படித்து வாங்கிய சான்றிதழ்,
நூற்றிருபது மணித்தியாலம் என்று அச்சிட்டது;
அதில் பாதி, கரண்ட் போன இருட்டில்
போன் வெளிச்சத்தில் கழிந்தது என்று
அச்சிடவில்லை.
பட்டம் இல்லை.
அப்பா பக்கவாதத்தில் விழுந்த வருடம் அது.
விண்ணப்பத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

மருதானையில் முகவரின் அறை, பல் கிட்டும் ஏசி.
சுவரில் ஊசி குத்திய உலகம்.
“டிகிரி இல்லாட்டி என்ன மிஸ்,
நாங்க அடிச்சுத் தருவம். ரெண்டரை லட்சம்.
சீல் எல்லாம் அசல் மாதிரியே.”
லைசன்ஸ் இலக்கம் கேட்டேன்.
தேத்தண்ணி வரட்டும் என்றார்.
மறுபடி கேட்டேன்.
தேத்தண்ணி வந்தது.
சீனி கூடிய அதை ஆறவிட்டு எழுந்து வந்தேன்.

வியட்நாமிலிருந்து ஒரு பெண், திரையில்.
இருபது நிமிடம் சிரித்துச் சிரித்துக் கதைத்தோம்.
கடைசியில், பாஸ்போர்ட் எந்த நாடு என்றாள்.
சொன்னேன்.
தாய்மொழியாய்ப் பேசுபவர்தான் வேண்டுமாம்,
தனக்கும் பிடிக்காத விதியாம், மன்னிக்கவாம்.
அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழை.
திருத்த வாய் உன்னியது.
நன்றி சொல்லி மூடினேன்.

பிறகு மாலைதீவு.
பேனை முனை பட்ட அளவில் ஒரு தீவு, ஒரு பள்ளிக்கூடம்.
சம்பளம் சொற்பம். ஆனால்
காசு கேட்கவில்லை, ஒப்பந்தத்தை முதலே அனுப்பினார்கள்.
அங்கே முன்பு படிப்பித்த யாரோடாவது
கதைக்கவேண்டும் என்றேன். இலக்கம் தந்தார்கள்.
மட்டக்களப்பு கிருபாஜினி ரீச்சர்:
“பத்தாம் திகதி காசு விழும், பிந்தினதில்ல.
ரூம் தனி, கதவுக்கு உள்ளால கொண்டி இருக்கு.
மீன் மட்டும் சலிச்சுப் போகும்.
பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு
கதைக்க ஆளே இல்ல. அதையும் யோசிச்சுக் கொள்ளுங்க.”

அந்தக் கடைசி வரிக்காகவே நம்பினேன்.

பரிந்துரைக்கு இரண்டு பேர் வேண்டுமாம்.
கப்பல் கம்பனி மனேஜர் ஒருவர்.
மற்றது யாரிடம் கேட்க?
தோஹாவில் சமையல் செய்யும் இம்தாதிடம் கேட்டேன்.
மூன்று தரம் வகுப்பை விட்டோடி
நாலாம் தரம் கதிரை தேடி வந்தவன்.
இரவு ஒரு மணிக்கு, அடுப்பு அணைத்த கையோடு
எழுதி அனுப்பியிருக்கிறான்.
முதல் வரி:
“ஷீ இஸ் ரீச்சர்.”

அவ்வளவு கத்தியும் அந்த ‘எ’யை விழுங்கிவிட்டான்.
சிவப்புப் பேனை கையில்தான் இருந்தது.

கீழே பிரதி எடுக்கிற கடைப் பொடியன் கேட்டான்,
“கலரா அக்கா, கறுப்பு வெள்ளையா?”

கலரில் போடு என்றேன்.
உள்ளது உள்ளபடி.